வெட்டிய ஓரம்

எங்கள் சாதி என்ன என்பதில் எஸ்டேட்டில் யாருக்கும் ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. டீக்கடையில் எங்களுக்கு எந்தக் கிளாஸ், கோயிலில் எதுவரை போகலாம், லயத்தில் எந்த வரிசை வீடு என்பதெல்லாம் என் அப்பா காலத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். சந்தேகம் வந்தது காகிதத்துக்குத்தான். என் அண்ணன் மகள் நர்சிங் படிக்க இடம் கேட்டாள். அதற்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து இந்தக் கேரள மலைக்குப் பஞ்சம் பிழைக்க வந்தவர்களின் வாரிசு என்றால், ஒரு குறிப்பிட்ட வருடத்துக்கு முன்பே முன்னோர் இங்கே குடியேறியிருக்க வேண்டும். அதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டார்கள். நாலு தலைமுறையாக இதே மலையில் கொழுந்து கிள்ளுகிறோம் என்பது ஊருக்கெல்லாம் தெரியும். ஆபீஸ் பதிவில் இல்லை.

ஆதாரம் எங்கள் வீட்டில் இருந்தது. அதை இல்லாமல் ஆக்கியவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை ஒளித்துவைத்து, பிறகு கண்ணைக் கசக்குகிற எழுத்து எனக்குப் பிடிக்காது.

வண்டிப்பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு கடை. பாஸ்போர்ட் போட்டோ, லேமினேஷன், கல்யாண ஆல்பம், கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ், ஆன்லைன் அப்ளிகேஷன், எல்லாம் உண்டு. பத்தாவது முடித்ததும் ஒரு ஸ்டூடியோவில் கூட்டிப் பெருக்கப் போனவள் நான். அங்கேயே நெகட்டிவில் பென்சில் வைத்து முகப்பரு மறைக்கக் கற்றுக்கொண்டேன். கம்ப்யூட்டர் வந்ததும் அதையும் கற்றுக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் கொழுந்துக் கூடை சுமக்காத முதல் பெண் நான்தான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு. நடந்ததற்கெல்லாம் பாதிக் காரணம் அந்தத் திமிர்.

அண்ணனுக்கு எஸ்டேட் ஃபாக்டரியில் வேலை. நாங்கள் பிறந்த லயத்து வீட்டில்தான் அவன் குடும்பமும் இருந்தது. ஒரு அறை, ஒரு அடுப்படி, முன்னால் ஒரு முழம் வாசல். அந்த அறைச் சுவரில் அப்பா காலத்திலிருந்து ஒரு போட்டோ தொங்கியது. எங்கள் அப்பாவைப் பெற்ற தாத்தா இருக்கிற ஒரே போட்டோ அது. மஸ்டர் முன்னால், அதாவது காலையில் ஆள் எண்ணி வேலைக்கு அனுப்புகிற கொட்டகைக்கு முன்னால், வெள்ளைக்கார துரை முப்பது பேரை வரிசையாக நிற்க வைத்து எடுத்தது. வரிசையில் கடைசி ஆள் தாத்தா. மழைக்குக் கம்பளியைக் கூம்பாக மடித்துத் தலையில் போட்டிருப்பார். வெறுங்கால். காமிராவைப் பார்க்காமல் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பார். துரை சீமைக்குத் திரும்பியபோது பங்களாவில் மிச்சம் கிடந்ததைக் கங்காணி எடுத்துவைத்து, கங்காணி வீட்டிலிருந்து அது எங்கள் வீட்டுக்கு வந்ததாம்.

அந்தப் போட்டோவைக் கெட்டி அட்டையில் ஒட்டியிருந்தார்கள். அட்டையின் கீழ் ஓரத்தில் மையில் எழுதிய சாய்ந்த ஆங்கில எழுத்து. எஸ்டேட்டின் பெயர், பிறகு இரண்டாம் டிவிஷன் கூலிகள் என்று அர்த்தம் வரும் இரண்டு மூன்று சொற்கள், பிறகு வருடம். வருடத்தின் கடைசி எண்ணைப் பூஞ்சை தின்றிருந்தது. அதற்கு முந்தைய எண் தெளிவாக இருந்தது. சான்றிதழுக்கு அந்த எண்ணே போதும் என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. முப்பது பேரில் ஒருவருடைய பெயரும் அதில் இல்லை.

எங்கள் பக்கத்து ஈரத்தில் போட்டோ அதிக நாள் தாங்காது. மழை மாதங்களில் சுவர் வியர்க்கும், கண்ணாடிக்குள் நீர் கோர்க்கும், படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். தாத்தா படமும் அப்படி ஒட்டி, யாரோ பிரித்தபோது நடுவில் மேலிருந்து கீழாக ஒரு பட்டை உரிந்துபோனது. மஸ்டர் கூரைக்கும் தாத்தாவுக்கும் நடுவே வெள்ளையாக ஒரு கோடு. முகங்கள் பாதி மங்கல். தெரிந்தவர் காட்டினால்தான் தாத்தாவின் மூக்கு தெரியும்.

அண்ணன் ஒருவழியாக லயத்தை விட்டு, இரண்டு அறையும் சிமெண்டுத் தரையுமாகச் சொந்த வீட்டுக்குக் குடிபோனான். பால்காய்ச்சுக்கு நான் என்ன செய்வது? எல்லோரும் சுவர்க்கடிகாரம் கொடுப்பார்கள். நான் ஸ்டூடியோக்காரி. “தாத்தாவப் புதுசாக்கித் தாரேன்” என்று சொல்லிப் படத்தைச் சட்டத்தோடு வாங்கிவந்தேன்.

உட்கார்ந்து கையால் செய்தால் ஒரு வாரத்து வேலை. எனக்கு அது தெரியும், செய்யவும் தெரியும். ஆனால் கல்யாண சீசன், மூன்று ஆல்பம் பாக்கி. போனில் ஒரு ஏஐ ஆப் இருந்தது. படத்தை ஏற்றி, பழைய போட்டோவைச் சரிசெய், கலர் கொடு என்று கேட்டால் போதும். நான் டீ குடித்து முடிப்பதற்குள் தாத்தா தயார். பார்த்ததும் என் உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்லக் கூடாது. முகம் முழுசாக வந்திருந்தது. கண் என்னைப் பார்த்தது. கம்பளி போய் ஒரு கோட்டு வந்திருந்தது. காலில் கறுப்பு ஷூ. வெள்ளைக் கோடு இருந்த இடத்தில் ஒரு மின்கம்பம், மேலே குறுக்குச் சட்டம், பீங்கான் குமிழ், கம்பி என்று பாங்காக நின்றது. ஷூவை நான் கவனித்தேன். கவனித்துவிட்டு, இருக்கட்டும் என்று விட்டேன். அந்த மனிதன் அட்டைப்பூச்சி கடித்த காலோடு செத்தவன். படத்திலாவது போட்டுக்கொள்ளட்டுமே என்று நினைத்தேன். கம்பத்தை நான் கவனிக்கவே இல்லை. லயத்துப் பக்கம் கம்பம் இல்லாத இடம் எங்கே இருக்கிறது?

அன்றைக்கு மத்தியானம் இரண்டு எழுத்துகளை அழித்தேன். முதலாவது, அந்த ஆப் படத்தின் மூலையில் பொடியாகப் போட்டிருந்த அடையாளம். இது ஏஐ செய்தது என்று சொல்கிற எறும்பளவு எழுத்து. அதைத் துடைக்க எனக்கு அரை நிமிடம் ஆனது. இரண்டாவது, அட்டையின் ஓரத்தில் இருந்த துரையின் எழுத்து. சட்டத்துக்கு அளவு சரியாக வரவில்லை என்று பிறகு கேட்டவர்களிடம் சொன்னேன். அது பொய். கூலிகள் என்ற சொல்லைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. சிமெண்டுத் தரை போட்ட வீட்டின் சுவரில், என் தாத்தாவின் காலடியில் அந்தச் சொல் எதற்கு என்று ஸ்க்ரீனில் ஓரத்தை வெட்டி எறிந்தேன். வெட்டியபோது ஒரு நியாயம் செய்த நிறைவுகூட இருந்தது. பிறகு வழக்கம்போல ஸ்கேன் செய்த ஃபைல் மேலேயே புதுப் படத்தைச் சேமித்தேன். தினம் ஐம்பது படம் வருகிற கடையில் எல்லாவற்றையும் இரண்டாக வைத்துக்கொள்ள முடியாது.

பால்காய்ச்சு அன்று படத்தை மாட்டினோம். வந்தவர்கள் எல்லோரும் அதன் முன்னால் நின்று நின்று போனார்கள். மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அண்ணன் என் தலையில் கைவைத்துவிட்டுப் போனான். அவன் அப்படிச் செய்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

அண்ணன் மகள் மட்டும் கிட்டப்போய்ப் பார்த்தாள். அவள் அப்போது பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள்.

“கொள்ளுத்தாத்தா ஷூவெல்லாம் போட்டு ஸ்டைலா இருக்காருலா. அத்தை, இது ஏஐ தானே?”

“போடி. ஏஐயாம் ஏஐ. ஒரு வாரம் முதுகொடிய உக்காந்து அத்தை கையால செஞ்சது.”

சுற்றி ஏழெட்டுப் பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் பாராட்டும் காதில் இருந்தது. அவள் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டாள். நம்பினாளா என்று இன்றுவரை கேட்டதில்லை.

அந்த மாதம்தான் எங்கள் பக்கத்து ஸ்டூடியோக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சண்டை நடந்தது. ஏஐ செய்த படத்தில் அப்படியே அச்சடித்துச் சொல்லிவிட வேண்டும், வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும் என்று ஒருவர் ஆரம்பித்தார். நான் விடவில்லை. நீளமாக ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். பெண்ணுக்கு முகம் வெளுக்க வைத்தோமே, அதில் எழுதினோமா? செத்தவர் படத்துக்குக் கண் திறந்துவைத்தோமே, அதில் எழுதினோமா? பென்சிலுக்கு இல்லாத லேபிள் இதற்கு மட்டும் ஏன்? பாட்டில் மருந்தா இது, லேபிள் ஒட்ட? இப்படியே போனது. இருபது பேர் கைதட்டுகிற பொம்மை போட்டார்கள். டிவியிலும் கோட்டுப் போட்டவர்கள் உட்கார்ந்து இதையே பேசினார்கள். ஓவியர்களின் உரிமை, பார்ப்பவரின் உரிமை, கலை என்றால் என்ன என்று. நான் கடையில் லேமினேஷன் போட்டுக்கொண்டே அவர்களைக் கிண்டல் செய்தேன். லேபிள் யாருக்காக என்பதை அவர்களும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

பழைய அட்டையை நான் சட்டத்திலிருந்து கழற்றி, ஒரு கவரில் போட்டு மதினியிடம் பத்திரமாகவே திருப்பிக் கொடுத்திருந்தேன். எங்கள் பக்கத்தில் சாமி படமோ செத்தவர் படமோ கண்ணாடி உடைந்தால், பாழானால், அதை வீட்டில் வைக்க மாட்டார்கள். குப்பையிலும் போட மாட்டார்கள். குளித்துவிட்டுப் போய் ஆற்றில் விடுவார்கள். மதினி அதைத்தான் செய்தாள். ஒரு வெள்ளிக்கிழமை, பூ வைத்து, கற்பூரம் காட்டி, பாலத்துக்குக் கீழே இறங்கிப் பெரியாற்றில் விட்டாள். நல்ல வெள்ளம் போன நாள் என்று பின்னால் சொன்னாள். அவளைக் குறைசொல்ல எனக்கு வாய் கிடையாது. புதுப் படம் முழுப் படம் என்று அவளை நம்பவைத்தது நான்.

ஒரு வருடத்துக்குள் அண்ணன் மகள் நல்ல மார்க்கு வாங்கிப் பாஸ் செய்தாள். நர்சிங்கைத் தவிர வேறு எதையும் அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை. எஸ்டேட் டிஸ்பென்சரியில் மதினிக்குத் தையல் போட்ட ஒரு நர்ஸைப் பார்த்ததிலிருந்து அவளுக்கு அந்த ஆசை. லிஸ்டில் பெயரும் வந்தது, ஒதுக்கீட்டில். சான்றிதழைக் கொண்டுபோய்க் கொடுத்தால் இடம் உறுதி. இல்லையென்றால் அடுத்த ஆளுக்குப் போகும். எஸ்டேட் ஆபீசில் தாத்தா காலத்துச் செக்ரோலை, அதாவது ஆள் பெயர் எழுதும் பதிவுப் புத்தகத்தை, கேட்டோம். கம்பெனி கைமாறி கைமாறி, பழைய புத்தகமெல்லாம் கறையான் தின்று எரித்தாயிற்று என்றார்கள். பள்ளிக்கூடத்துப் பதிவு அப்பாவிலிருந்துதான் தொடங்குகிறது. தாத்தா பள்ளிக்கூடம் பார்த்ததில்லை.

அப்போதுதான் அண்ணன் கடைக்குப் போன் செய்தான். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

“ஏட்டி, தாத்தா படத்துல துரை வருசம் எழுதியிருக்கும்லா? அப்பா காட்டுவாருல்ல, ஓரத்துல? அது போதுமாம். கேட்டுட்டு வந்தேன்.”

லேமினேஷன் மெஷினை அணைத்துவிட்டுக் கேட்டேன்.

“அண்ணே, அந்தப் பழைய அட்டை எங்க?”

“அதான் ஒன் மதினி ஆத்துல விட்டுட்டாளே. புதுசுலதான் எல்லாம் இருக்குமே.”

“ஓரத்த வெட்டிட்டேண்ணே.”

“வெட்டிட்டியா?” என்றான். பிறகு என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, “சரி விடு, படத்தப் பாத்தாலே பழைய காலம்னு தெரியாதா? பெரிய ஆளுக ரெண்டு பேருகிட்ட எழுதி வாங்கிருக்கேன். மஸ்டர் அடையாளம் இருக்குல்ல” என்றான். திட்டியிருந்தால் தேவலை. அப்போதாவது நான் முழு உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அதைவிட மோசமான ஒன்றையும் செய்துபார்த்தேன். கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அதே ஆப்பில், அதே மாதிரிச் சாய்ந்த எழுத்தில், அந்த மூன்று சொற்களையும் வருடத்தையும் திரும்ப எழுதச் சொன்னேன். பழுப்பு அட்டை, பூஞ்சைக் கறை, மங்கிய மை, எல்லாம் அச்சாக வந்தது. கூலிகள் என்ற சொல்லும் வந்தது. எந்தச் சொல்லை வெட்கப்பட்டு வெட்டினேனோ, அதையே மெஷினிடம் கெஞ்சி வாங்கிக்கொண்டிருந்தேன். பார்க்கப் பார்க்கப் பயம் வந்தது. அண்ணன் பிள்ளை பேரில் கேஸ் வந்தால் என்ன ஆகும் என்று அழித்துவிட்டேன். அந்த விவகாரத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். அதனால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

வில்லேஜ் ஆபீசுக்கு அண்ணன், பிள்ளை, நான் என்று மூன்று பேர் போனோம். எந்த ஆபீஸ் என்று சொல்லப்போவதில்லை. அந்த ஆபீசர் கெட்டவரும் இல்லை. ஐம்பது வயது இருக்கும், மலையாளி, எஸ்டேட் ஜனங்களோடு பழகிப் பழகி நம் தமிழ் பேசுகிறவர். பிள்ளையின் மார்க்கைப் பார்த்துவிட்டு, “மிடுக்கியாணல்லோ, கெட்டிக்காரி” என்று சிரித்தார். அபேட்சை என்கிற விண்ணப்பத்தையும் பெரியவர்கள் எழுதிக்கொடுத்ததையும் படித்தார். பிறகு அண்ணன் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்திருந்த சட்டத்தை வாங்கி மேஜைமேல் வைத்தார்.

ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“இது ஏது போஸ்ட்?”

அண்ணனுக்குப் புரியவில்லை. “மஸ்டர் சார். அது எங்க தாத்தா.”

“அதில்ல. இந்த கரண்ட் போஸ்ட்.” விரலை வைத்தார். “என் அச்சன் லைன்மேன் ஆயிருந்து. உங்க டிவிஷனுக்கு முதல்ல போஸ்ட் நட்டது அவரும் கூட்டாளிகளும். அப்ப நான் சின்னப் பையன், சோறு கொண்டுபோயிட்டுண்டு. அதுக்கு முன்ன அங்க கரண்ட் இல்ல. நீ சொல்ற காலத்துல இந்த மலையிலயே இல்ல.”

அண்ணன் படத்தைப் பார்த்தான். அவனும் அப்போதுதான் அந்தக் கம்பத்தைப் பார்க்கிறான் என்று முகத்தில் தெரிந்தது. ஒரு வருடமாகத் தினம் விளக்கேற்றிக் கும்பிட்ட படம்.

“ஷூ வேற போட்டிருக்கான்” என்றார் ஆபீசர். சிரிக்கவில்லை. “ஒரிஜினல் எவிடெ?”

“ஆத்துல விட்டாச்சு சார்.”

சொல்லும்போதே அது எப்படிக் கேட்கும் என்று அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. முப்பத்தைந்து வருடம் ஃபாக்டரியில் ஒரு பொடி தேயிலை மடியில் கட்டாத மனிதன். திருட்டுப் பட்டம் கட்டப்பட்டவன் மாதிரி நின்றான்.

அங்கேதான் வாய்திறந்தேன். நான் செய்தது, ஏஐ வைத்துச் செய்தது, ஓரத்தை வெட்டியது, ஃபைலை அழித்தது எல்லாம் சொன்னேன். படம் உரிந்த வெள்ளைப் பட்டையை ஏஐ கம்பம் என்று நினைத்துக்கொண்டது என்று சொன்னேன். பிள்ளை என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அண்ணன் பார்த்தான். அந்தப் பார்வைக்கு நான் தகுதியானவள்தான், அதனால் அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

ஆபீசர் பொறுமையாகக் கேட்டார். நான் முடித்ததும், “அப்ப இதுல எது சத்தியம்? ஆளு சத்தியமா? மூக்கு சத்தியமா? மஸ்டர் சத்தியமா?” என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். தாத்தாவின் மூக்கை நான் தெளிவாகப் பார்த்ததே அந்த ஆப்பில்தான்.

பிறகு அவர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, போலிப் படம் கொடுத்திருக்கிறார்கள் என்று அவர் மேலே எழுத வேண்டிவரும். பிள்ளை பேரில் விசாரணை வரும். இனி எந்த ஆபீசில் எது கேட்டாலும் அது குறுக்கே நிற்கும். இன்னொன்று, இந்தப் படம் இன்னார் கம்ப்யூட்டரில் செய்தது, தெரியாமல் கொடுத்துவிட்டோம், திரும்பப் பெறுகிறோம் என்று நான் ஒரு சத்தியவாங்மூலம், அதாவது உறுதிமொழிப் பத்திரம், எழுதிக் கொடுத்தால், கேஸ் ஒன்றும் இல்லாமல் முடித்துவிடலாம். ஆதாரம் போதவில்லை என்று அபேட்சையை மட்டும் தள்ளுவார். காலேஜில் சான்றிதழ் கொடுக்கக் கடைசி நாள் மறுநாள்.

“வேற ஆதாரம் கிட்டினா அடுத்த வருசம் வரட்டே” என்றார். வேறு ஆதாரம் கிட்டாது என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

பிள்ளைதான், “எழுதுங்க அத்தை” என்றாள்.

ஆபீசர் மலையாளத்தில் சொல்லச் சொல்ல எழுதினேன். இந்தப் படம் உண்மையான போட்டோ அல்ல. இது செயற்கை நுண்ணறிவால் உண்டாக்கியது. இதில் காணப்படும் ஆட்கள், இடம், பொருள் எதுவும் உண்மையென்று சொல்வதற்கில்லை. இதை உண்டாக்கியது நான். மூலையில் எறும்பளவு இருந்ததை அரை நிமிடத்தில் துடைத்தேனே, அதையே ஒரு முழுப் பக்கத்துக்கு எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று ஸ்டூடியோவில் எல்லோரும் சொல்வார்கள். அன்றைக்கும் நன்றாகவே இருந்தது.

பிள்ளை அதை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தாள். அவளுக்கு மலையாளம் என்னைவிட நன்றாக வரும்.

“சார், இப்படி ஒரு ஆளு இருந்தாரு, நெஜமான போட்டோ ஒண்ணு இருந்துச்சுன்னு ஒரு வரி சேத்துக்கலாமா?”

“அது வேண்டாம் மோளே. படத்தைப் பற்றி மாத்ரம் போதும். ஆளைப் பற்றி எழுதினா அதுக்கும் ஆதாரம் கேப்பாங்க.”

அவள் தலையாட்டினாள். அந்தக் காகிதத்தோடு எங்கள் அபேட்சை தள்ளுபடி ஆனது. எங்கள் தாத்தாவைப் பற்றி ஒரு அரசாங்க ஃபைலில் ஏறிய முதல் காகிதம் அதுதான். அவர் உண்மையென்று சொல்வதற்கில்லை என்று அதில் இருக்கிறது. அதை எழுதியது அவருடைய பேத்தி. கூலிகள் என்று எழுதிய துரைகூட, அந்த ஆட்கள் இருந்தார்கள் என்றுதான் எழுதினான்.

சாட்சிக் கையெழுத்து ஒன்று வேண்டும் என்றார் ஆபீசர். அண்ணனைப் பார்த்தார். அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றான். கூப்பிட்டும் திரும்பவில்லை.

“பதினெட்டு ஆயில்லே?” என்று பிள்ளையிடம் கேட்டார்.

“ஆச்சு சார்.”

என் கையிலிருந்த பேனாவை வாங்கி, எங்கே போடணும் என்று கேட்டு, என் கையெழுத்துக்குக் கீழே அவள் கையெழுத்தைப் போட்டாள்.